நாலாம் மாடியில் கேள்வி கேட்பவர் யார்? இலங்கையின் புலனாய்வு அமைப்புகள் பற்றிய விளக்கம்

2025 மே மாதம், தமிழ்நாட்டு முகாமில் வாழ்ந்துவிட்டு ஊர் திரும்பிய ஈழத்து முதியவர் ஒருவர் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தில் இறங்கியதும் கைது செய்யப்பட்டார். ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஏற்பாட்டில், முறையான பயணப் பத்திரத்தோடு போனவர் அவர். பல ஆண்டுகளுக்கு முன் கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறினார் என்பதுதான் குற்றச்சாட்டு. பின்னர் பிணை கிடைத்துவிட்டது. ஆனாலும் அந்தச் செய்தி மதுரை மாவட்டத்தின் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் முகாம்களில் இருப்பவர்களுக்குச் சாதாரணச் செய்தி இல்லை. போகலாமா, இன்னும் ஒரு வருடம் பொறுக்கலாமா என்று வீட்டுக்கு வீடு நடந்துகொண்டிருக்கும் பேச்சின் நடுவில் வந்து விழுந்த செய்தி அது.

அப்போது பலரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: பிடித்தது யார்? சி.ஐ.டி.யா, ராணுவமா, புலனாய்வுத் துறையா? இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. இலங்கையில் போர் முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் போர்க்காலத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக எழுப்பப்பட்ட அமைப்புகள் அப்படியே நிற்கின்றன. எது எதைச் செய்கிறது, எதற்கு எந்த அதிகாரம் உண்டு என்பதை அடியிலிருந்து பார்த்தால்தான் செய்தியும் புரியும், பயத்தின் அளவும் புரியும்.

சொல்லிலேயே இருக்கும் சிக்கல்

தமிழ்நாட்டில் நாம் உளவுக்கு ஒரு சொல்லும் விசாரணைக்கு ஒரு சொல்லும் வைத்திருக்கிறோம். டெல்லியில் உள்ள ஐ.பி.யை உளவுத்துறை என்கிறோம். மாநிலக் காவல்துறையில் அதே வேலையைச் செய்வது நுண்ணறிவுப் பிரிவு. புலனாய்வு என்றால் நமக்கு சி.பி.ஐ., அதாவது குற்றம் நடந்த பிறகு துப்புத் துலக்கி வழக்குப் போடும் வேலை.

இலங்கைத் தமிழில் இந்தப் பிரிவினை இல்லை. குற்றவாளியைப் பிடிக்கும் சி.ஐ.டி.யின் பெயர் குற்றப் புலனாய்வுத் திணைக்களம். யாரையும் பிடிக்காமல் தகவல் மட்டும் சேகரிக்கும் அமைப்பின் பெயர் அரச புலனாய்வுச் சேவை. ராணுவத்தின் உளவுப் பிரிவு இராணுவப் புலனாய்வுப் பணிப்பகம். மூன்றுக்கும் ஒரே ‘புலனாய்வு’. பேச்சிலோ இன்னும் சுருங்கி, சீருடை இல்லாமல் வந்து விசாரிக்கும் எவரும் ‘சி.ஐ.டி.’ ஆகிவிடுகிறார். வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பேர் கேட்கும் ஆள் எந்த அலுவலகத்தைச் சேர்ந்தவர் என்பது வவுனியாவில் இருப்பவருக்கே தெரியாதபோது, மதுரையில் செய்தி படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

உளவு வேறு, விசாரணை வேறு

உளவு வரப்போவதைப் பற்றியது. விசாரணை நடந்து முடிந்ததைப் பற்றியது. உளவு அதிகாரிக்குச் சாட்சியம் தேவையில்லை, சந்தேகம் போதும். அதனாலேயே அவர் கையில் கைது செய்யும் அதிகாரம் இருக்கக் கூடாது என்பது ஜனநாயக நாடுகள் பொதுவாக ஏற்றுக்கொண்ட முறை. விசாரணை அதிகாரிக்குக் கைது அதிகாரம் உண்டு. ஆனால் அவர் செய்வது எல்லாம் ஒருநாள் நீதிமன்றத்தில் விளக்கப்பட வேண்டும். இந்த இரண்டு வேலைகளுக்கும் நடுவில் உள்ள கோடு அழியும்போதுதான் சந்தேகமே தண்டனையாகிவிடும் நிலை வருகிறது.

இலங்கையில் இன்று இருக்கும் முக்கிய அமைப்புகள் இவை:

1. அரச புலனாய்வுச் சேவை. நாட்டின் முதன்மை உளவு அமைப்பு. பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்குகிறது. அதிகாரிகளில் பெரும்பாலோர் காவல்துறையிலிருந்து வந்தவர்கள். இது நேரடியாக வழக்குப் போடும் அமைப்பு அல்ல.

2. இராணுவப் புலனாய்வுப் பணிப்பகம். போரின்போது மிகப் பெரிதாக வளர்ந்தது. வடக்கிலும் கிழக்கிலும் கிராம அளவில் ஆள் வைத்திருப்பது இதுதான் என்று மனித உரிமை அமைப்புகள் தொடர்ந்து எழுதிவருகின்றன. கடற்படைக்கும் விமானப்படைக்கும் தனித்தனி உளவுப் பிரிவுகள் உண்டு.

3. குற்றப் புலனாய்வுத் திணைக்களம். காவல்துறையின் சி.ஐ.டி. கைது செய்யலாம், வழக்குப் போடலாம்.

4. பயங்கரவாத விசாரணைப் பிரிவு. காவல்துறையில்தான் இருக்கிறது, ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை அதிகம் கையாள்வது இது. இப்போது பெயர் சற்று மாறியிருந்தாலும் மக்கள் பழைய சுருக்கப் பெயரான டி.ஐ.டி. என்றே சொல்கிறார்கள்.

இவற்றை ஒருங்கிணைக்க, தேசிய புலனாய்வுப் பிரதானி என்ற பதவி பாதுகாப்பு அமைச்சில் இருக்கிறது. அந்தப் பதவியின் எடை எவ்வளவு என்பது 2019-ல் தெரிந்தது. அதற்கு முன், இவை எப்படி இந்த வடிவத்துக்கு வந்தன என்று பார்க்க வேண்டும்.

1984: ஒரு போருக்காகப் பிறந்த அமைப்பு

சுதந்திரத்துக்குப் பிறகு நெடுங்காலம் இலங்கையின் உளவு வேலை காவல்துறைக்குள் ஒரு பிரிவாகவே இருந்தது. பிரிட்டிஷ் காலனிகள் எங்கும் இருந்த ஸ்பெஷல் பிராஞ்சின் வழிவந்த ஏற்பாடு. தொழிற்சங்கங்களையும் இடதுசாரிக் கட்சிகளையும் கவனிப்பதே அதன் பழக்கம். 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. என்ற இடதுசாரிக் கிளர்ச்சி இயக்கத்தின் இளைஞர்கள் ஒரே இரவில் நாடெங்கும் காவல் நிலையங்களைத் தாக்கியபோது, அந்த ஏற்பாடு போதவில்லை என்பது தெரிந்துபோனது.

1979-ல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. அதன் பெயரிலேயே ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்று இருக்கிறது. 1982-ல் அது நிரந்தரமாக்கப்பட்டது. இன்றும் பெயரில் ‘தற்காலிகம்’ இருக்கிறது. நீதிபதி முன் நிறுத்தி விசாரணை தொடங்காமலே, பாதுகாப்பு அமைச்சரின் கையெழுத்தில் ஒருவரை மூன்று மூன்று மாதமாக 18 மாதம் வரை அடைத்து வைக்க அது வழி செய்தது. 2022 திருத்தத்தில் இது 12 மாதமாகக் குறைந்தது. உதவிக் காவல் கண்காணிப்பாளர் நிலையிலோ அதற்கு மேலோ உள்ள அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கப்படும் என்பது இதைவிடக் கடுமையான பகுதி. சாதாரணக் குற்ற வழக்கில் காவலரிடம் சொன்னது சான்றாகாது என்ற பழைய பாதுகாப்பை இது எடுத்துவிட்டது. அடைத்து வைக்கும் கையும் வாக்குமூலம் எழுதும் கையும் ஒன்றானால் அறைக்குள் என்ன நடக்கும் என்பதற்கு வடக்கிலும் கிழக்கிலும் ஒரு தலைமுறையே சாட்சி.

1983 ஜூலைக் கலவரத்தைத் தொடர்ந்து ராமேஸ்வரம் கரையில் படகுகள் வந்து சேரத் தொடங்கின. மதுரை முகாம்களின் கதை தொடங்குவது அங்கேதான். அடுத்த ஆண்டு, 1984-ல், ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனாவின் அரசு தேசிய புலனாய்வுப் பணியகம் என்ற தனி அமைப்பை உருவாக்கியது. உளவு, காவல்துறையிலிருந்து பிரிந்து பாதுகாப்பு அமைச்சுக்குப் போனது. அதே காலத்தில் இந்தியாவின் ‘ரா’ அமைப்பு தமிழ் இயக்கங்களுக்குப் பயிற்சி அளித்துக்கொண்டிருந்தது. கொழும்பு, இஸ்ரேலின் உதவியை நாடியது. ஆக, இந்த அமைப்பு பிறக்கும்போதே அதன் முன் வைக்கப்பட்ட எதிரி ஒன்றே ஒன்றுதான். பணியகம் 2006-ல் அரச புலனாய்வுச் சேவை என்று பெயர் மாறியது. பெயர் மாறினாலும் பழகிய பார்வை மாறவில்லை.

அமைப்புகளுக்கு இடையே இருந்த பகைக்கு 2002 ஜனவரியில் அத்துருகிரியவில் நடந்தது ஓர் எடுத்துக்காட்டு. கொழும்புக்கு அருகே ஒரு குடியிருப்பு வீட்டில் ராணுவப் புலனாய்வின் ரகசிய அணி இருந்தது. புலிகளின் பகுதிக்குள் ஊடுருவித் தாக்கும் அணி. காவல்துறை அந்த வீட்டைச் சோதனையிட்டு உள்ளே இருந்தவர்களைக் கைது செய்தது. அரசியல் கொலைக்குத் திட்டம் என்ற சந்தேகம் காரணமாகச் சொல்லப்பட்டது. ரகசியம் வெளியே வந்துவிட்டது. அடுத்த ஆண்டுகளில் அந்த அணிக்குத் தகவல் கொடுத்தவர்களும் உதவியவர்களும் ஒவ்வொருவராகச் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். கொல்லப்பட்டவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். ஒரே அரசின் இரண்டு கைகள் ஒன்றையொன்று அறியாமல் இருந்ததற்கு விலை கொடுத்தவர்கள் சாதாரண மனிதர்கள்.

புலிகளுக்கும் சொந்த உளவுப் பிரிவு இருந்தது. பொட்டு அம்மான் அதன் தலைவர். ராணுவத்துக்குத் தகவல் கொடுத்தார் என்ற சந்தேகத்தின் பேரிலேயே அங்கும் உயிர்கள் பறிக்கப்பட்டன. ஈழத்துக் கிராமத்து மனிதர் இரண்டு உளவு அமைப்புகளுக்கும் நடுவில் வாழ்ந்தார் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்த விளக்கம் நேர்மையாக இருக்காது.

தலையாட்டியும் நாலாம் மாடியும்

முகாம்களில் வயதானவர்களிடம் பேசினால் இரண்டு சொற்கள் திரும்பத் திரும்ப வரும். எந்த அரசு ஆவணத்திலும் இல்லாத சொற்கள். உளவு அமைப்பு மக்களின் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்பதை இவற்றைவிடத் தெளிவாகச் சொல்லும் வழி இல்லை.

முதல் சொல் ‘தலையாட்டி’. ஊரைச் சுற்றிவளைப்பார்கள். ஆண்களைப் பள்ளிக்கூட மைதானத்துக்கோ கோவில் வீதிக்கோ வரச் சொல்வார்கள். அங்கே முகம் முழுவதும் மூடிய ஒருவர் உட்கார்ந்திருப்பார். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவர் முன்னால் நடந்து போக வேண்டும். அவர் சும்மா இருந்தால் வீட்டுக்குப் போகலாம். தலையை ஆட்டினால் ட்ரக்கில் ஏற வேண்டும். இலங்கை ராணுவமும் செய்தது, 1987 முதல் 1990 வரை அங்கிருந்த இந்திய அமைதிப்படையும் செய்தது. மூடிய துணிக்குள் இருந்தவர் பெரும்பாலும் அதே ஊரைச் சேர்ந்தவர், அடிபட்டுப் பிடிபட்டவர். யாரையாவது காட்டினால்தான் தனக்கு விடுதலை என்ற நிலையில் இருந்தவர். அந்தத் தலையசைவுக்குக் காரணம் எழுதப்படவில்லை. மேல்முறையீடும் இல்லை.

இரண்டாவது சொல் ‘நாலாம் மாடி’. கொழும்புக் கோட்டைப் பகுதியில் உள்ள சி.ஐ.டி. தலைமையகத்தைக் குறிக்கும் சொல் அது. ‘நாலாம் மாடிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்’ என்றால் வீட்டில் அடுப்பு எரியாது. பின்னாளில் காலி மாவட்டத்தின் பூசா முகாமும் இப்படிப் பெயர் வாங்கியது. ஆனாலும் நாலாம் மாடி என்ற சொல்லுக்கு உள்ள கனம் வேறு எதற்கும் வரவில்லை. இன்றும் விசாரணைக்கு அழைக்கப்பட்ட பத்திரிகையாளரைப் பற்றிய செய்தியில் இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் இந்தச் சொல்லைத் தலைப்பில் போடுகின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது, நாலாம் மாடி ஒரு விசாரணை அமைப்பின் இடம், உளவு அமைப்பின் இடம் அல்ல. ஆனால் மக்களின் மனத்தில் இரண்டும் ஒன்று. தலையாட்டி கொடுத்த தகவல் உளவு. அதை வைத்து அடைத்தது பயங்கரவாதத் தடைச் சட்டம். வாக்குமூலம் வாங்கியது விசாரணை. மூன்றும் ஒரே சங்கிலியில் இருந்ததால், எந்தக் கண்ணி எந்த அலுவலகத்துடையது என்று பார்க்கும் நிலையில் யாரும் இல்லை.

வைகை அணையும் 2019 ஏப்ரலும்

உளவுத் தகவல் என்பது எச்சரிக்கை. எச்சரிக்கை எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதற்கு மதுரைக்காரர்களுக்கு வெளியே தேட வேண்டியதில்லை. வைகை அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் வெள்ள எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாவது. 69 அடியில் மூன்றாவது, பிறகு தண்ணீர் திறப்பு. தேனியிலிருந்து ராமநாதபுரம் வரை கரையோர மாவட்டங்களுக்கு, எந்த அடியில் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. அணையில் நிற்கும் பொறியாளர் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பதில்லை. சங்கு ஒலிக்கிறது, மைக் கட்டிய வாகனம் கரையோரத் தெருக்களில் போகிறது, ஆற்றுக்குள் துணி துவைப்பவரைக் கரையேறச் சொல்கிறார்கள்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, 2019 ஏப்ரலில் இலங்கையில் நடந்ததைத் தேதிவாரியாகப் பார்க்கலாம்.

1. ஏப்ரல் 4: இந்தியாவிலிருந்து அரச புலனாய்வுச் சேவையின் இயக்குநர் நிலந்த ஜயவர்தனவுக்குத் தகவல் போகிறது. இஸ்லாமியத் தீவிரவாதப் போதகர் சஹரான் ஹாஷிமின் குழு தற்கொலைத் தாக்குதலுக்குத் தயாராகிறது. தேவாலயங்கள் இலக்கில் இருக்கின்றன. பெயர் இருந்தது, முறை இருந்தது, இலக்கும் இருந்தது. கோயம்புத்தூரில் நடந்த ஒரு வழக்கு விசாரணையில் கிடைத்த சஹரானின் காணொளிகளே இந்தியாவை இந்தத் தடத்தில் கொண்டுபோயின என்று செய்திகள் வந்தன.

2. ஏப்ரல் 7: அவர் அதை தேசிய புலனாய்வுப் பிரதானி சிசிர மெண்டிசுக்கு அனுப்புகிறார்.

3. ஏப்ரல் 9: மெண்டிஸ் காவல்துறைத் தலைவர் புஜித் ஜயசுந்தரவுக்குக் கடிதம் எழுதுகிறார்.

4. ஏப்ரல் 11: காவல்துறையின் உயர் அதிகாரி ஒருவர் முக்கியப் பிரமுகர்களின் பாதுகாப்புப் பிரிவுகளுக்குச் சுற்றறிக்கை அனுப்புகிறார். பிரமுகர்களுக்குப் போனது. தேவாலயங்களுக்குப் போகவில்லை.

5. ஏப்ரல் 16: காத்தான்குடி அருகே பாலமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் வெடிக்கிறது. ஒத்திகை அது.

6. ஏப்ரல் 20: இந்தியாவிலிருந்து மறுபடியும் எச்சரிக்கை.

7. ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு காலை: மூன்று தேவாலயங்களிலும் மூன்று நட்சத்திர விடுதிகளிலும் குண்டுகள் வெடிக்கின்றன. 260-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி முடிந்து வெளியே வந்த குழந்தைகள் இறந்தார்கள். கொச்சிக்கடை அந்தோணியார் கோவிலில் இருந்தவர்களில் கணிசமானோர் தமிழர்கள். முப்பது ஆண்டுப் போரைத் தாண்டி வந்தவர்களை, பதினேழு நாள் முன்பே வந்த எச்சரிக்கை காப்பாற்றவில்லை. அணையின் நீர்மட்டம் 69 அடியைத் தாண்டிய பிறகும் சங்கு ஒலிக்கவில்லை. ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குக் கடிதம் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.

ஏன் நின்றுபோனது?

எளிய பதில், அதிகாரிகளின் அலட்சியம். அது உண்மை, ஆனால் முழு உண்மை இல்லை. நாடாளுமன்றத் தெரிவுக்குழு 2019-லேயே அரச புலனாய்வுச் சேவை இயக்குநரின் பொறுப்பே மிகப் பெரியது என்று எழுதியது. 2023 ஜனவரி 12 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம், மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்து இழப்பீடு கட்டச் சொன்னது: முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய், ஜயசுந்தர 7.5 கோடி, ஜயவர்தன 7.5 கோடி, பாதுகாப்புச் செயலாளராக இருந்த ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி, மெண்டிஸ் 1 கோடி. சொந்தப் பணத்திலிருந்து. தெற்காசியாவில் உளவுத் தோல்விக்கு ஒரு நாட்டின் தலைவரையும் உளவுத் தலைவரையும் நீதிமன்றம் இப்படித் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்கியது சாதாரண விஷயம் இல்லை. ஜயவர்தன 2025 ஜூலையில் காவல்துறைப் பணியிலிருந்து நீக்கப்பட்டார்.

ஆனால் தனிமனிதர்களுக்குப் பின்னால் அமைப்பின் குறைகள் இருக்கின்றன.

முதலாவது, அரசியல் பிளவு. 2018 அக்டோபரில் ஜனாதிபதிக்கும் பிரதமர் ரணில் விக்ரமசிங்கவுக்கும் இடையே வெடித்த மோதலுக்குப் பிறகு, தேசியப் பாதுகாப்புச் சபைக் கூட்டத்துக்குப் பிரதமரும் காவல்துறைத் தலைவரும் அழைக்கப்படவில்லை. தகவல் பேசப்பட வேண்டிய அறையில், அதன்படி செயல்பட வேண்டியவருக்கு நாற்காலி இல்லை.

இரண்டாவது, பழகிய கண். என் கணிப்பில் இதுதான் மிக ஆழமான குறை. 2018 நவம்பர் 30 அன்று மட்டக்களப்பு வவுணதீவில் காவல் சாவடியில் இருந்த இரண்டு காவலர்கள் கொல்லப்பட்டார்கள். ராணுவப் புலனாய்வின் கை முன்னாள் புலிகளைக் காட்டியது. முன்னாள் போராளி ஒருவர் கைது செய்யப்பட்டு மாதக்கணக்கில் அடைக்கப்பட்டார். உண்மையில் அந்தக் கொலைகளைச் செய்தது சஹரான் குழு என்பது ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகே வெளிவந்தது. அந்த நவம்பரில் சரியான திசையில் தேடியிருந்தால் ஏப்ரலில் தேவாலயங்கள் தப்பியிருக்க வழி இருந்தது. முப்பது ஆண்டுகளாக ஒரே இனத்தை மட்டும் பார்க்கப் பழகிய கண், வேறு இடத்தில் எரிந்த தீயைப் பார்க்கவில்லை. பழைய இடத்திலேயே ஒரு மனிதரைப் பிடித்து உள்ளே தள்ளியது. மிதமிஞ்சிய கண்காணிப்பும் கண்காணிப்புத் தோல்வியும் எதிர் எதிரானவை என்று நாம் நினைக்கிறோம். வவுணதீவில் அவை இரண்டும் ஒரே தவறின் இரண்டு பக்கங்களாக இருந்தன.

மூன்றாவது, சட்டமின்மை.

பிறப்புச் சான்றிதழ் இல்லாத அமைப்பு

அரச புலனாய்வுச் சேவைக்கென்று இலங்கை நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் இல்லை. நிர்வாக முடிவில் உருவாகி, நிர்வாக முடிவில் பெயர் மாறி இயங்குகிறது. அதன் விளைவுகளைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதன் வேலை என்ன, எல்லை என்ன என்று எழுதப்படவில்லை. உயிருக்கு ஆபத்தான தகவல் கிடைத்தால் எத்தனை மணி நேரத்துக்குள் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வைகைக்கு இருக்கும் 66 அடி, 68.5 அடி, 69 அடி இங்கே இல்லை. ஒருவரை எத்தனை ஆண்டு கண்காணிக்கலாம், தவறான பதிவை நீக்கக் கோர முடியுமா என்பதற்கும் பதில் இல்லை.

பிரிட்டன் தன் உள்நாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.5-ஐ 1989 வரை சட்டமில்லாமல்தான் வைத்திருந்தது. அந்த ஆண்டு சட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டு உளவுக்கு 1994-ல். கனடா 1984-லேயே செய்துவிட்டது. இந்தியா இன்னும் செய்யவில்லை. 1887-லிருந்து வரும் ஐ.பி.க்கும் 1968-ல் உருவான ‘ரா’வுக்கும் நாடாளுமன்றச் சட்டம் கிடையாது. ஆகவே இலங்கையைச் சுட்டும் விரல் டெல்லியையும் சுட்டுகிறது. வேறுபாடு ஒன்று உண்டு: இலங்கையில் சட்டமில்லாத உளவு அமைப்புக்குப் பக்கத்திலேயே, வாக்குமூலத்தைச் சான்றாக்கும் ஒரு சட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒன்று இருளில் பெயரைக் கொடுக்கிறது, மற்றது அந்தப் பெயரை அடைக்கிறது.

இதெல்லாம் ஆனையூரில் இருப்பவருக்கு என்ன சொல்கிறது?

முதலில் ஒரு தெளிவு. முகாமுக்கு வந்து போகும் கியூ பிரிவு தமிழ்நாடு காவல்துறையைச் சேர்ந்தது; இலங்கை அமைப்புகளோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு முகாம்கள் மீதான கண்காணிப்பு இறுகியது. பதிவு நாளன்று குடும்பத்தில் எல்லோரும் வரிசையில் நிற்பதும், வேலைக்காக வெளியூர் போனவர் அந்த நாளுக்காகக் கூலியை விட்டுவிட்டு இரவு பஸ்ஸில் திரும்புவதும் அந்தக் காலத்தின் மிச்சம். 2021-ல் முகாம்களுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று அரசு பெயர் மாற்றியது. வரிசை மாறவில்லை.

திரும்பிப் போகும்போது நடப்பது இது. விமானம் மதுரையிலிருந்து புறப்பட்டாலும் சென்னையிலிருந்து புறப்பட்டாலும் கொழும்பில் இறங்கும்போது மூன்று மேசைகள் இருக்கலாம்.

1. குடிவரவுத் துறை அடையாளத்தையும் பயணப் பத்திரத்தையும் சரிபார்க்கும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து குடியுரிமைச் சான்று வாங்காமல் போனால் சிக்கல் தொடங்குவது இந்த மேசையில்தான்.

2. அரச புலனாய்வுச் சேவை பெயரைத் தன் பதிவுகளோடு ஒப்பிடும்.

3. சி.ஐ.டி. நிலுவையில் வழக்கோ பிடியாணையோ உண்டா என்று பார்க்கும்.

பிரிட்டனின் குடிவரவு மேல்நிலைத் தீர்ப்பாயம் 2013-ல் சாட்சியங்களை ஆராய்ந்து இரண்டு பட்டியல்களைப் பிரித்துக் காட்டியது. ஒன்று நிறுத்தப் பட்டியல்: நீதிமன்ற உத்தரவோ பிடியாணையோ உள்ளவர்கள், விமான நிலையத்திலேயே நிறுத்தப்படுவார்கள். இன்னொன்று கண்காணிப்புப் பட்டியல்: இவர்கள் வெளியே விடப்படுவார்கள், ஆனால் ஊரில் கண்காணிக்கப்படலாம். முதல் பட்டியலில் இருப்பதை வழக்கறிஞர் மூலம் ஓரளவு அறியலாம். இரண்டாவது பட்டியலில் இருப்பதை அறிய வழியே இல்லை. சட்டமில்லாத அமைப்பு என்பது ஏட்டில் உள்ள குறை மட்டும் அல்ல என்பதற்கு இந்த இரண்டாம் பட்டியலே போதும்.

பலாலியில் கைதான முதியவர் விஷயத்துக்கு வருவோம். அவர் மீது பாய்ந்தது உளவுப் பட்டியலோ பயங்கரவாதத் தடைச் சட்டமோ அல்ல. 1948-ஆம் ஆண்டின் குடிவரவு, குடியகல்வுச் சட்டம். அனுமதிக்கப்பட்ட துறைமுகம் வழியாக அல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறுவது அதன்படி குற்றம். உயிருக்குப் பயந்து இரவில் மன்னார் கரையில் படகேறியவரையும் வேலை தேடிக் கள்ளத்தனமாகப் போனவரையும் அது வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. அந்தக் கரையிலிருந்து தப்பியவர்கள் எல்லோருமே எழுத்தின்படி அதில் அடங்குவார்கள். இதைச் சரிசெய்ய உளவுத் துறையைத் தொட வேண்டியதில்லை. ஒரு விலக்கு விதி போதும். சென்னையும் டெல்லியும் கொழும்பிடம் முதலில் கேட்க வேண்டியது இந்த ஒரு வரியைத்தான் என்று உறுதியாக நினைக்கிறேன். 2021-ல் வெளியான அரசுக் கணக்குப்படி தமிழ்நாட்டு முகாம்களில் இருந்தவர்கள் சுமார் 58,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் கடலில் வந்தவர்கள்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு யாராவது வந்து விசாரித்தால், எந்தத் திணைக்களம், எந்தச் சட்டப் பிரிவு என்று கேட்க உரிமை உண்டு. சீருடையில்லாமல் வந்தவர் காவல்துறையைச் சேர்ந்தவர் இல்லையென்றால் அவருக்குச் சாதாரணச் சட்டத்தின்படி கைது அதிகாரம் இல்லை. விசாரணைக்கு அழைத்தால் எழுத்தில் தரச் சொல்ல வேண்டும். வாய்மொழி அழைப்புக்குத் தனியாகப் போகக் கூடாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒருவரைக் கைது செய்தால் 48 மணி நேரத்துக்குள் மனித உரிமை ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டின் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. தெரிவித்தார்களா என்று குடும்பத்தினர் அந்த ஆணைக்குழுவின் யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு அலுவலகங்களில் நேரில் போய்க் கேட்கலாம். போகும்போது கைது நடந்த தேதி, நேரம், இடம், வந்த வாகனத்தின் எண், அழைத்துப் போனவர் சொன்ன பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போக வேண்டும். எதுவும் தெரியாவிட்டால், தெரியாது என்றே எழுதிக் கையெழுத்திட்டு, பெற்றுக்கொண்டதற்கான சீட்டை வாங்கிக்கொள்ள வேண்டும்.